கால் ஸ்பூன் உப்பு: பெருநகர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



காவலர் தேர்வுக்காக விடிவதற்கு முன்பே எழுந்து ஓடுகிறவர்கள், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் நாளுக்காகத் தண்டால் எடுக்கிறவர்கள், வெயில் சாய்ந்ததும் கோடு போட்டுக் கபடி ஆடுகிறவர்கள், வாலிபால் வலை கட்டுகிறவர்கள் என்று உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். பெருநகர் ஊரைச் சுற்றிய இந்த வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயிற்சி எப்படிச் செய்வது என்று சொல்ல உங்களுக்கு ஆள் இருக்கிறது. செல்போனைத் திறந்தால் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு என்ன குடிப்பது என்பதைப் பற்றி மட்டும் கடைக்காரரின் ஃபிரிட்ஜ்தான் உங்களுக்கு வழி சொல்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில் எந்தக் கடையிலும் காலை ஏழு மணிக்கே கலர் பாட்டில்கள் குளிர்ந்து நிற்கின்றன. வேர்த்து விறுவிறுத்து வந்த பிள்ளை அதில் ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்க்கிறேன். தாகம் எடுத்தவன் குடிப்பதில் தவறில்லை. ஆனால் உடம்பு இழந்தது ஒன்று, அந்தப் பாட்டில் கொடுப்பது வேறொன்று. இழந்ததைத் திருப்பித் தரும் பானம் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. அதை அளந்து கலக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் வேர்வை என்ன எடுத்துக்கொண்டு போகிறது என்று பார்ப்போம். கடுமையாக ஓடும்போது ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வேர்க்கும். ஆளுக்கு ஆள் மாறும். வெயிலைப் பொறுத்தும் காற்றின் ஈரத்தைப் பொறுத்தும் மாறும். ஒவ்வொரு லிட்டர் வேர்வையோடும் ஏறக்குறைய அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் போகிறது. சராசரியாக ஒரு கிராம் சோடியம் என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டு உப்புக் கணக்கில் இரண்டரை கிராம். பொட்டாசியமும் போகிறது, ஆனால் அது மிகக் கொஞ்சம். பயிற்சி முடிந்து கறுப்புச் சட்டையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது உங்கள் உடம்பிலிருந்து வெளியேறிய உப்பு. யாருடைய சட்டையில் அது அதிகம் பூக்கிறதோ அவருக்கு உப்பும் அதிகம் போகிறது என்று அர்த்தம்.

ஆக, போவது தண்ணீரும் உப்பும். இப்போது கடையில் வாங்குவதைப் பார்ப்போம். கோலா வகைகளில் நூறு மில்லிக்குப் பத்து, பதினொரு கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி குடித்தால் 25 கிராமுக்குக் குறையாது. ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை அது. மாம்பழப் பானங்களிலும் சர்க்கரை அதற்குக் குறைவில்லை. உப்பு இரண்டிலும் பெயருக்குத்தான். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலை ஏழு மணிக்கே அந்தக் கணக்கை முடித்துவிடுகிறீர்கள்.

பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் விற்கும் ‘எனர்ஜி’ பாட்டில்களில் இதோடு காஃபினும் சேர்கிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இவ்வகைப் பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று லேபிளில் அச்சடிக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை தேடிப் படியுங்கள். எட்டாவது படிக்கும் தம்பி அண்ணன்களைப் பார்த்து அதை வாங்கிக் குடிக்கிறான். அவனுக்காகவாவது நீங்கள் அதை நிறுத்த வேண்டும்.

டப்பாவில் வரும் குளுகோஸ் பொடியும் வேர்வை இழப்புக்கு முழு மருந்தாகாது. அதில் இருப்பது பெரும்பாலும் குளுகோஸ்தான். வேர்வையில் போன உப்புக்கு அது ஈடு செய்யாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு அட்டைப் பெட்டிகளில் இனிப்புப் பானங்கள் நெடுங்காலம் விற்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எந்தப் பானமும் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது. உண்மையான ஓ.ஆர்.எஸ். மருந்துக்கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கும். அதில் குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், மற்றவை பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். எவ்வளவு குறைந்த இனிப்பு என்று பாருங்கள். அதைக் குடித்தால் உப்புக் கரிப்புதான் முதலில் தெரியும்.

உப்போடு கொஞ்சம் இனிப்பு ஏன் வேண்டும்? நம் சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுகோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வாயில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றாக வந்தால் அவை வேகமாகத் திறக்கும். பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். இதை ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் 1960-இல் விளக்கினார். ஒரு கைப்பிடி சர்க்கரையைக் கொட்டினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். குடலில் இனிப்பு மிகுந்துபோனால் உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும், வயிறு உப்பும், ஓடும்போது பிடித்து இழுக்கும். அதனால்தான் இந்தப் பானத்தில் அளவே எல்லாம்.

இந்த அறிவு ஒரு போர்க்காலத்தில் நம் நாட்டு மண்ணில் நிரூபணமானது. 1971-இல், இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். எல்லையோர ஊரான போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் ஒரு முடிவெடுத்தார். குளுகோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து, பீப்பாயில் ஊற்றி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு மொண்டு புகட்டச் சொன்னார். லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா. நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. 1978-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹாலனாபிஸ் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

பக்கத்து வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய் இந்தக் கரைசலைக் கலக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அங்கே வீட்டில் குளுகோஸ் கிடையாது, வெல்லம் உண்டு. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், அவ்வளவுதான் பாடம். கற்றுக்கொடுத்த பெண் ஊழியருக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? தாய்மார்கள் அதை எவ்வளவு சரியாக நினைவில் வைத்துக் கலக்குகிறார்கள் என்று பிறகு வேறொருவர் போய்ச் சோதித்து, அதற்கேற்பச் சம்பளம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் அளவைக் கற்றார்கள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்த உங்களால் முடியாதா?

விளையாட்டுக்காரர்கள் குடிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பானத்தின் கதையும் இதுதான். 1965-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவர், வெயிலில் சுருண்டுபோகும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்தார். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து பார்க்கும்படி அவர் மனைவி சொன்னார். அதுவே பின்னால் கேட்டரேட் என்ற பெயரில் உலகமெங்கும் போனது. உப்பு, இனிப்பு, எலுமிச்சை போட்ட அந்தத் தண்ணீரை நம் வீடுகளில் கோடைதோறும் கரைக்கிறார்கள். நாம் விட்டது அளவை மட்டும்தான்.

செய்முறைக்குப் போகும் முன் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லாப் பயிற்சிக்கும் இந்தப் பானம் தேவையில்லை. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். அதற்காகக் காலைக் குளிர்ச்சியில் முப்பது, நாற்பது நிமிடம் பயிற்சி செய்கிறவர்களுக்குப் பச்சைத் தண்ணீரும் வீட்டில் காலைச் சாப்பாடும் போதும். இட்லியிலும் சட்னியிலும் குழம்பிலும் இருக்கிற உப்பே இழந்ததை ஈடுகட்டிவிடும். ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. நம் சாப்பாட்டில் அது சாதாரணமாகவே தாண்டுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சட்டை நனைய நனையப் பயிற்சி செய்தவர்கள், ஒரே நாளில் காலையும் மாலையும் ஆடுகிறவர்கள், கத்திரி வெயிலில் டோர்னமெண்ட்டில் அடுத்தடுத்து மேட்ச் ஆடுகிறவர்கள், இவர்களுக்குத்தான் உப்பும் இனிப்பும் சேர்ந்த பானம் வேண்டும்.

இனி அளவுகள். எல்லாமே ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டீஸ்பூன் என்றால் ஐந்து மில்லி பிடிக்கும் சின்ன ஸ்பூன். மருந்து பாட்டிலோடு வரும் மூடியில் ஐந்து மில்லிக் கோடு இருக்கும். அதில் தண்ணீர் எடுத்து உங்கள் வீட்டு ஸ்பூனில் ஊற்றிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூம்பாக அள்ளாமல், விரலால் வழித்துத் தலைதட்டி அளக்க வேண்டும்.

எலுமிச்சைத் தண்ணீர். ஆறிய கொதிநீர் ஒரு லிட்டர், எலுமிச்சம்பழம் இரண்டு, தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம், கால் டீஸ்பூன் பொடி உப்பு. இதில் சர்க்கரை 25 முதல் 30 கிராம் வரும், உப்பு ஒன்றரை கிராம். கோலாவில் உள்ள இனிப்பில் இது கால் பங்குதான். கால் டீஸ்பூன் உப்பில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களில் இருப்பதும் அந்த அளவையொட்டியதுதான். மிச்ச உப்பைச் சாப்பாடு தரும். எலுமிச்சை விலை ஏறும் மாதங்களில் ஒரு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். வெல்லத்தோடு புளியும் சுக்கும் ஏலக்காயும் சேர்ந்தால் அதுவே பானகம். கோயில் பானகத்தில் வெல்லம் தாராளமாக இருக்கும்; பயிற்சிக்கு அந்த இனிப்பு வேண்டாம், ஆறு ஸ்பூனோடு நிறுத்துங்கள். கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ எதுவானாலும் அளவு மாறாது, அவையும் சர்க்கரைதான்.

நீர்மோர். ஒரு டம்ளர் தயிரைக் கடைந்து நான்கு டம்ளர் தண்ணீர் சேர்த்து, கால் டீஸ்பூன் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி. இதற்குச் சர்க்கரையே வேண்டாம். தயிரில் கொஞ்சம் புரதமும் பொட்டாசியமும் பாலுக்குரிய சர்க்கரையும் உண்டு. 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 13 வகைப் பானங்களைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து எது உடம்பில் அதிகம் தங்கியது என்று அளந்தார்கள். பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் முன்னால் நின்றன. கோலா வெறும் தண்ணீரைவிட மேலாகவும் இல்லை, கீழாகவும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் சர்க்கரையால் தாகத்துக்குத் தனியாக ஒரு லாபமும் இல்லை என்பதே அதன் பொருள். மோரைத் தனியாக அவர்கள் சோதிக்கவில்லை. ஆனாலும் பாலின் குணத்தில் ஒரு பகுதி மோரிலும் இருக்கிறது. மாலை கபடிக்கு நான் முதலில் சொல்வது நீர்மோரைத்தான்.

நீராகாரமும் கூழும். இரவே தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைக் காலையில் பிசைந்து, அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் மோரும் கால் டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் குடிக்கலாம். சோற்றின் மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுகோஸாக மாறும். குளுகோஸுக்குப் பதிலாக அரிசி மாவையே போட்டுக் காய்ச்சிய உப்புக் கரைசல் காலரா நோயாளிகளுக்கு நன்றாக வேலை செய்தது என்று டாக்கா ஆய்வாளர்கள் 1980-களில் காட்டினார்கள். ஆடி மாதம் அம்மனுக்கு வார்க்கும் கேழ்வரகுக் கூழும் இதே குடும்பம்தான். ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் கூழ் வேண்டாம், வயிறு கனக்கும். ஓடி முடித்து அரை மணி கழித்துக் குடியுங்கள். அது பானமாகவும் இருக்கும், காலை ஆகாரமாகவும் இருக்கும்.

இளநீர். இதை எல்லாரும் புகழ்கிறார்கள், நானும் புகழ்கிறேன். ஆனால் அதில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம், சோடியம் குறைவு. வேர்வையில் அதிகம் போவது சோடியம். ஆகவே நிறைய வேர்த்த நாளில் இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள், அல்லது உப்புப் போட்ட வேர்க்கடலை ஒரு கைப்பிடி தின்னுங்கள்.

உப்பைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, அளவு சொன்னது பொடி உப்புக்கு. கல் உப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்கும், அளவு தப்பும். அதைப் பொடித்துவிட்டு அளங்கள். இரண்டு, கலக்கியதும் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். மூன்று, ரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ இருக்கிற அப்பா அம்மாவுக்கு, வெயிலில் வேலை செய்தார்கள் என்று நீங்களாக உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்காதீர்கள். மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவருக்கு இனிப்புச் சேர்த்த தண்ணீரும் அப்படியே. இந்தப் பானம் வியர்வைக்கானது. வயிற்றுப்போக்கு கண்டால் அதற்கு அளவு வேறு: மருந்துக்கடைப் பொட்டலமே சிறந்தது, அது கைக்கு வரும்வரை ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும்.

எவ்வளவு குடிப்பது என்பதை உங்கள் உடம்பே சொல்லும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வேர்வை துடைத்து, ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் போனது ஒன்றரை லிட்டர். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். அதில் பாதிவரை உப்புப் பானம், மீதி பச்சைத் தண்ணீரும் சாப்பாட்டோடு ரசமும் மோரும் என்று இருக்கட்டும். அறுபது கிலோ பிள்ளைக்கு ஒரே பயிற்சியில் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அது அதிகம். அடுத்த முறை நடுவிலேயே குடிக்க வேண்டும். மிஷின் இல்லாவிட்டால் சிறுநீரைக் கவனியுங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. காய்ச்சிய டீ டிகாஷன் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை.

மிதமிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து. 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓட்டத்தில் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களே அதில் முக்கியமாகச் சிக்கினார்கள். எடை கூடும்வரை குடிப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. தாகத்துக்குக் குடியுங்கள், எடைக்கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கபடி ஆடும் தம்பிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. எடை வரம்பு வைத்து நடக்கும் ஆட்டங்களுக்காக, எடை போடும் நாளுக்கு முந்தின நாளிலிருந்து தண்ணீரை நிறுத்திவிட்டு, தடித்த ஜெர்க்கின் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறீர்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைகிறது. குறைவது கொழுப்பு இல்லை, ரத்தத்தில் ஓடும் நீர். அந்த உடம்போடு களத்தில் இறங்கினால் இதயம் கூடுதலாக அடிக்க வேண்டும், வேர்வை குறைந்து உடம்புச் சூடு ஏறும், தொடையில் சதை பிடிக்கும். ஒரு கோப்பைக்காக இந்த விலை வேண்டாம். எடை கூடினால் மேல் பிரிவில் ஆடுங்கள். குறைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே சாப்பாட்டைத் திருத்துங்கள். அணியை நடத்தும் அண்ணன்மார்கள் இதற்குப் பொறுப்பு. பிள்ளைகளை எடைக்காகத் தண்ணீர் இல்லாமல் வைக்காதீர்கள்.

தங்கைகளே, உங்களில் பலர் பயிற்சிக்கு வரும்போது முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஓடுகிற இடத்தில் ஒதுங்க இடமில்லை என்பதுதான் காரணம். இது உங்கள் குறையில்லை, ஊரின் குறை. வறண்ட உடம்போடு ஓடினால் வேகம் குறையும், தலை சுற்றும், சிறுநீர்த் தொற்று வரும். மாதவிடாய் நாட்களில் இன்னும் கஷ்டம். பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்கத் தயங்கினால் உங்கள் பெற்றோரை அழைத்து வாருங்கள். ஊரில் பெரியவர்கள் என்று இருக்கிற நாங்கள் உங்கள் பின்னால் நின்று அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

சுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கலந்ததை அன்று மாலைக்குள் குடித்து முடியுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். சர்க்கரை உள்ள தண்ணீரில் கிருமி சீக்கிரம் பெருகும். எலுமிச்சையும் மோரும் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வேண்டாம். எவர்சில்வர் அல்லது மண்பானை நல்லது. பாட்டிலின் மூடியையும் கழுத்தையும் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். ஒரே பாட்டிலில் பத்துப் பேர் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். எங்கே, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் பாரை உடைத்துப் போடாதீர்கள். மண்பானைக் குளிர்ச்சியே தொண்டைக்குப் போதும்.

எந்தப் பானமும் வெயிலை வெல்லாது. மே மாதத்தில் ஓட்டத்தை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓடுகிறவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கினால் அது வெப்பத் தாக்குதல். உடனே நிழலுக்குத் தூக்கிப் போங்கள். சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். 108-க்கு அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் போய்விடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பயப்படுவதைப் போல இதற்கும் நாம் பயப்பட வேண்டிய காலம் இது.

கடைசியாக ஒரு ஏற்பாடு. தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்தால் இது நிலைக்கும். ஒவ்வொரு குழுவும் ஒரு மண்பானை, ஒரு மூடி, நீளக் காம்புள்ள ஒரு கரண்டி, ஐந்து மில்லி டீஸ்பூன் ஒன்று, ஒரு எடை மிஷின் வாங்குங்கள். அளவுகளை ஒரு அட்டையில் எழுதிப் பானைக்கு மேல் மாட்டுங்கள். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பொறுப்பாக ஆள் வைப்பது நம் உத்திரமேரூர் வட்டத்துக்குப் புதிதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபை குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அங்கே கல்வெட்டில் இருக்கிறது. அந்த ஊரின் வட்டத்துப் பிள்ளைகள் ஒரு பானைத் தண்ணீருக்கு முறை வைப்பது எளிதுதான்.

தைப்பூசத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் நம் செய்யாற்றில் வந்து கூடும்போது ஊரே நீர்மோர் கொடுக்கிறது, பானகம் கொடுக்கிறது. கோடை வந்தால் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள். அந்தத் தாராள மனசு ஊரில் இருக்கிறது. அதை ஆண்டு முழுவதும் ஓடும் உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பும்படி பெற்றோரையும் ஊராட்சியையும் கேட்கிறேன். இரண்டு எலுமிச்சம்பழம், கொஞ்சம் வெல்லம், கால் ஸ்பூன் உப்பு. கடைப் பாட்டிலைவிடச் செலவு குறைவு.

வரும் திங்கட்கிழமையே தொடங்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால் உங்கள் உடம்புக்கு எவ்வளவு வேர்க்கிறது, எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு எந்த விளம்பரமும் உங்களை ஏமாற்ற முடியாது. காக்கிச் சட்டை போடுகிறவர்களும் ராணுவத்துக்குப் போகிறவர்களும் கோப்பையோடு திரும்புகிறவர்களும் நல்ல உடம்போடு வர வேண்டும், இந்தப் பானத்தின் அளவை அடுத்து ஓட வரும் தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்